தம்பி துப்பிய ரோஸ் கலர் மருந்து

தம்பிக்குக் காதில் சீழ் வைத்து ஜுரம் வந்தபோது எனக்கு வயிறுதான் எரிந்தது. அவனுக்கு மூன்று வயது, எனக்கு ஏழு. கல்மண்டபத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் வீடு ஒரே அறையும் ஒரு சமையல் மூலையும்தான். அந்த அறைக்கு நட்டநடுவே பாயைப் போட்டு ராஜா மாதிரி படுத்திருந்தான்.

டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து, பாட்டிலுக்குள் வெறும் பவுடராக வந்தது. அம்மா தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, பாட்டிலில் போட்டிருந்த கோடு வரைக்கும் ஊற்றிக் குலுக்கினாள். வெள்ளைப் பவுடர் ரோஸ் கலரானது. மூடியைத் திறந்தால் பள்ளிக்கூட வாசலில் விற்கும் குச்சி ஐஸ் வாசனை. எனக்கு ஜுரம் வந்த காலத்தில் இந்த வைபவமெல்லாம் இல்லை. மாத்திரையை இரண்டு ஸ்பூனுக்கு நடுவில் வைத்து நசுக்கி, தண்ணீரில் கரைத்து, மூக்கைப் பிடித்து ஊற்றினார்கள். அழாமல் முழுங்கியதற்கு ஒரு சிட்டிகை சர்க்கரை. அத்தோடு சரி.

இவன் என்னடாவென்றால் குச்சி ஐஸையே துப்பினான். ஆன்டிபயாடிக், வேளை தவறக் கூடாது, உள்ளே போகாவிட்டால் ஊசிதான் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் எல்லாரும் அவன் வாயைச் சுற்றியே நின்றார்கள். ஹார்பரில் வேலை முடிந்து வந்த அப்பா, காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் கன்னத்தை உப்பிக் கப்பல் சங்கு ஊதினார். "நைனா, கப்பலு வந்துகினு கீதுடா, வாயத் தொற!" கப்பல் உள்ளே போனது. போன வேகத்தில் திரும்பி அப்பாவின் சட்டையில் வந்து நின்றது. பாலில் கலந்து பார்த்தார்கள், அன்றைக்குப் பாலும் வேண்டாம் என்றுவிட்டான். பக்கத்து வீட்டு அத்தை தன் கண்ணாடி வளையலைக் கழற்றி அவன் முன்னால் ஆட்டினாள். வளையலை வாங்கிக்கொண்டு வாயை இறுக மூடிக்கொண்டான். அந்த வளையலை என்னை ஒருநாளும் தொட விட்டதில்லை அவள்.

மறுநாளும் ஜுரம் இறங்கவில்லை. அம்மா, ஊற்றிய மருந்தை ஸ்பூனோடு தட்டில் வைத்துவிட்டு, நெற்றித் துணியை நனைக்கக் குழாயடிக்குப் போனாள். போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்கும் பொறாமைப்பட்டேன். எனக்காக அவள் அழுது நான் பார்த்ததே இல்லை.

ஸ்பூனை எடுத்து அவன் மூக்குக்கு நேராக நீட்டினேன். "இது என்துடா. உனுக்குக் கெடையாது போ" என்று ஒரு வாய் உறிஞ்சினேன். முதலில் இனித்தது. அப்புறம் அடிநாக்கிலிருந்து ஏறியது பாருங்கள் ஒரு கசப்பு, குடலே வெளியே வந்துவிடும் போலிருந்தது. ஆனால் ஒரு தடவையாவது அவன் என்னைப் பார்த்து ஏங்க வேண்டும். அந்த ஒரே வைராக்கியத்தில் விழுங்கி, சப்புக் கொட்டி, "ஹா!" என்றேன்.

"எனுக்கு!" என்று அலறியபடி ஸ்பூனைப் பிடுங்கி மிச்சத்தைக் குடித்தான். முகம் அஷ்டகோணலாகப் போனது. துப்பவில்லை. அவனும் ஒரு "ஹா" சொன்னான்.

"இன்னாடி பண்ணே கொயந்தைய?" என்று ஈரத் துணியோடு ஓடி வந்த அம்மா, காலி ஸ்பூனைப் பார்த்து அப்படியே நின்றாள். வாசலில் இருந்த அத்தைதான் சிரித்தாள். "அக்காகாரி குடிச்சாதான் தொர குடிப்பாராம்."

அதிலிருந்து ஒவ்வொரு வேளைக்கும் எனக்கு அழைப்பு வந்தது. நான் முன்னால் குடிக்க வேண்டும், அவன் பின்னால். ஆனால் என் ஸ்பூனில் வெறும் தண்ணீர். கேட்டதற்கு, "உனுக்கு இன்னாத்துக்குடி மருந்து? சும்மா குடிக்கிற மாரி குடி" என்றாள் அம்மா. பச்சைத் தண்ணீருக்கு நான் சப்புக் கொட்டினேன். அவன் விழுங்கியதும் அப்பா அவனைத் தூக்கிச் சுற்றினார், அத்தை கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தாள், சமத்து என்றார்கள். நான் இரண்டு ஸ்பூனையும் கழுவப் போனேன்.

பாட்டில் காலியாகிக் காதும் ஆறியது. அவன் குணமானதைவிட அந்தக் கூட்டம் கலைந்ததில்தான் எனக்கு நிம்மதி.

ஊர் மொத்தமும் அவனையே பார்க்கிறது என்று அத்தனை நாளும் வெந்துகொண்டிருந்தேன். அவன் யாரைப் பார்த்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த மருந்து கசக்கும் என்று முதல் வாயிலேயே அவனுக்குத் தெரியும். தெரிந்தும், சுற்றி நின்ற ஒருவரையும் திரும்பிப் பார்க்காமல், என் ஸ்பூன் வாய்க்குப் போகிற வரைக்கும் காத்திருந்து, என் முகத்தையே பார்த்தபடி வாயைத் திறந்தான்.