டீச்சருக்கு ஒரு ரூம்

1. திங்கட்கிழமை

காலை பிரேயர் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குள் போனதும் மகேஸ்வரி என்னிடம் வந்து, "டீச்சர், நான் வேலைய விட்டுர்றேன்" என்றார்.

கொடைக்கானல் மேல்மலையில் எங்களுடையது அரசுத் தொடக்கப் பள்ளி. ஐந்து வகுப்புக்கும் இரண்டே பேர்தான்: தலைமையாசிரியை நான், உசிலம்பட்டியிலிருந்து புதிதாக வந்திருந்த மகேஸ்வரி. அவருக்கு முன்னால் அந்த இடம் ரொம்ப நாள் காலியாகக் கிடந்தது. ஒண்டியாக எல்லா வகுப்பையும் மேய்த்து என் தொண்டை போனதுதான் மிச்சம்.

"டெட் எழுதி, டி.ஆர்.பி. எழுதி வாங்குன வேலைய விடுற அளவுக்கு என்ன கேடு வந்துச்சு?" என்று கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி.

அழுதுகொண்டே சொன்னார். பெரியசாமி என்ற பூண்டு விவசாயியின் மாடி ரூமில் அவர் வாடகைக்கு இருந்தார். சனி, ஞாயிறு ஊருக்குப் போய்விட்டால் பெரியசாமி அதை டூரிஸ்ட்டுக்கு விட்டுவிடுவாராம். நேற்று சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால், கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று இவர் கட்டிலில் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருக்கிறது. இவருடைய பெட்டி, சேலை, பாத்திரம் எல்லாம் பூண்டு மூட்டைகளுக்கு நடுவில். ராத்திரி அங்கேயே படுத்து எழுந்து வந்திருக்கிறார். பக்கத்தில் நின்றபோதே வாடை அடித்தது.

வேறு வீடு பார்க்கலாம் என்றால், ஊரில் காலியாக இருந்த ரூம் எல்லாம் ஹோம்ஸ்டே போர்டு மாட்டிக்கொண்டுவிட்டன. நானோ தினமும் கொடைக்கானலிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். படுத்த படுக்கையான மாமியாரோடு என் ஒற்றை ரூம் வீட்டில் இன்னொரு ஆளுக்கு இடமில்லை.

வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு போன் போட்டேன். "மலைப் பள்ளியில சேந்தவங்க இத்தன வருசம் மாறுதல் கேக்க முடியாதுன்னு ரூல் இருக்கு மேடம். எங்கயும் போக மாட்டாங்க, கவலைய விடுங்க" என்றார் அங்கிருந்த உதவியாளர்.

"மாறுதல்தான சார் கேக்க முடியாது? ராஜினாமா பண்ணலாமே?"

அவர் போனை வைத்துவிட்டார்.

2. ஊர்க்கூட்டம்

மகேஸ்வரியிடம் வெள்ளிக்கிழமை வரை பொறுக்கச் சொல்லிவிட்டு ஊர்த் தலைவரிடம் முறையிட்டேன். மேல்மலை ஊர்களில் கட்டுப்பாடு என்று ஒன்று உண்டு. ஊர் கூடி ஒன்றைச் சொல்லிவிட்டால் யாரும் மீற மாட்டார்கள். புதன்கிழமை ஊர்ப் பொது இடமான மந்தையில் கூட்டம் கூடியது.

பெரியசாமி எழுந்தார். "நீங்களே சொல்லுங்க டீச்சரம்மா. பூண்டு வெல கெடக்குற கெடப்புக்கு, சீசன்லதான நாலு காசு பாக்க முடியும்?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தலைவர் தாடியைத் தடவி யோசித்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார். "அப்பச் சரி. அந்த டீச்சர் ஊர விட்டுப் போக முடியாதபடி, அவங்க பெட்டிய நம்ம ஊரு ஜீப்பு எதுவும் ஏத்தக் கூடாது. மீறுனா தண்டம்."

எனக்கு வந்ததே கோபம்! "நல்லா இருக்குங்க ஒங்க நாயம்! கவர்மென்ட்டும் இதத்தான் செஞ்சது. கட்டிப் போட்டா மாடு நிக்கும், டீச்சர் நிப்பாங்களா? கட்டுப்பாடு போடுறதுன்னா ஒங்களுக்குப் போட்டுக்கங்க."

பின்னால் பெண்கள் பக்கத்திலிருந்து பெரியசாமியின் மனைவி பாண்டியம்மா எழுந்தார். "அப்ப எங்க வீட்டுல இருந்தே ஆரம்பிங்க. மாடி ரூம்பு டீச்சருக்குத்தான். டூரிஸ்ட்டு காரு வந்தா அடுத்த வீட்டுக்கு அனுப்பிச்சு விடுறோம்."

பெரியசாமி திரும்பிப் பார்த்தார்.

"என்னத்த மொறைக்கிறீக? நம்ம புள்ள அஞ்சாப்புத் தாண்டணுமா வேணாமா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அன்று போட்ட கட்டுப்பாடு இதுதான்: பள்ளிக்கு வரும் டீச்சருக்கு வருஷம் பூராவும் அந்த ரூம். சீசனில் பெரியசாமிக்கு வரும் நட்டத்தை ஹோம்ஸ்டே நடத்தும் மற்ற வீடுகள் பகிர்ந்துகொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை மகேஸ்வரி ரூமைப் பூட்டிச் சாவியைத் தன் பையிலேயே போட்டுக்கொண்டு ஊருக்குப் போனார்.

3. கலந்தாய்வு

விதிப்படி இருக்க வேண்டிய வருடங்களை மகேஸ்வரி முடித்தார். மாறுதல் கலந்தாய்வு வந்ததும் விண்ணப்பித்துத் தன் ஊர்ப் பக்கமே ஒரு பள்ளியை எடுத்துவிட்டார். அவருக்கும் குடும்பம் இருக்கிறது, தப்பு சொல்ல முடியாது. ஆனாலும் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. மலையில் ஒரு இடம் காலியானால் சுலபத்தில் நிரம்பாது.

சாயங்காலம் அவரே போன் செய்தார். "டீச்சர், நம்ம ஸ்கூல ஒருத்தர் எடுத்துட்டாரு! எங்கிட்ட வந்து, தங்க வீடு கெடைக்குமான்னு ஒண்ணுதான் கேட்டாரு. கெடைக்கும், மே மாச சீசன்லயும் கெடைக்கும்னேன்."

கீழ்மலையில் உள்ள பண்ணைக்காட்டுப் பையனாம். போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம்தான் பசித்தது.

இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். புதிதாகத் தலைமையாசிரியர் ஆகிறவர்கள் என்னிடம் ஏதாவது சொல்லச் சொல்வார்கள். சொல்வது இதுதான்: உங்கள் பள்ளிக்குப் புது ஆள் வந்து நின்றால், எடுத்த எடுப்பில் சான்றிதழைக் கேட்காதீர்கள். இன்றைக்கு ராத்திரி எங்கே படுப்பீர்கள் என்று கேளுங்கள்.