சார்ட்டில் எழுதியபடியே

வயதானால் கோபம் ஆறிவிடும் என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை. எங்கள் இன்சார்ஜை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம், கார்களுக்குள் ஓடும் ஒயர்க் கட்டுகளைத் தயாரிக்கும் கம்பெனியில் நான் லைன் லீடர். என் கீழே மூன்று பேர், மூன்றும் மூன்று திசை. செங்கல்பட்டுக்காரன் ஒருத்தன், ஒயர் முனைகளைக் கனெக்டரில் சொருகுபவன். அவன் கை வேகம், வாய் அதைவிட வேகம். பேச்சு சுவாரசியத்தில் நடுவில் ஒரு முனை சரியாக உட்காராது. அடுத்து, எங்கள் எல்லோருக்கும் மூத்த அண்ணாத்த, ஒயர்களைச் சேர்த்து டேப் சுற்றுபவர். ‘இதைச் செய்யுங்கள்’ என்றால் முகத்தைத் தூக்கிக்கொள்வார். ‘இதை எப்படிச் செய்யலாம்?’ என்று யோசனை கேட்டால் என் வேலையையும் சேர்த்துச் செய்துவிடுவார்.

மூன்றாவது, படாளத்துப் பெண். அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். அந்த வீட்டுக்குள் நுழைந்த முதல் மாதச் சம்பளம் அவளுடையது. மெதுவாகத்தான் செய்வாள். ஆனால் ஒவ்வொரு ஒயரையும் பிடித்து இழுத்துப் பார்க்காமல் விடமாட்டாள். அதனால் அவளைக் கடைசியில், சரிபார்க்கும் இடத்தில் நிறுத்தியிருந்தேன். செங்கல்பட்டுக்காரன் விட்டதை எல்லாம் அவள் பிடித்துவிடுவாள். அந்த மாதக் கடைசியில் அவளைப் பர்மனென்ட் ஆக்குவதாக இருந்தது.

அப்போதுதான் புது இன்சார்ஜ் வந்தான். கையில் ஒரு ஸ்டாப் வாட்ச். வந்த வாரமே சுவரில் சார்ட் ஒட்டினான். எல்லோரும் எல்லா வேலையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டுமாம், இன்ன வேலைக்கு இத்தனை நொடி என்று கணக்காம். என் ஆட்களுக்கு அது ஒத்துவராது என்று சொன்னேன். காலை மீட்டிங்கில், மொத்த ஷிப்டும் நிற்கும்போது கேட்டான்.

“உன்ன லைன் லீடர்னு எவன்யா போட்டான்? நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு.”

யாரோ சிரித்தார்கள். இவனை நாலு பேர் முன்னால் தலை குனிய வைக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். சார்ட்டை ஒரு பக்கம் தொங்கவிட்டு, என் வழியிலேயே லைனை ஓட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

கார் கம்பெனியிலிருந்து ஆட்கள் பார்வையிட வரும் நாள் வந்தது. “இன்னிக்காவது சார்ட்ல இருக்கறபடி ஓட்டு” என்றான் இன்சார்ஜ். “அப்படியே ஆகட்டும் சார்” என்றேன்.

படாளத்துப் பெண்ணைச் சொருகும் இடத்துக்கு அனுப்பினேன். செங்கல்பட்டுக்காரன் சரிபார்க்கும் இடத்துக்குப் போனான். அண்ணாத்தயிடம் யோசனை கேட்காமல், “ஒயரைப் பிடிங்க, டேப்ப சுத்துங்க” என்று அதட்டினேன்.

“இன்னாண்ணா, எதுக்கு இந்த பேஜாரு?” என்று என்னிடம் கேட்டான் செங்கல்பட்டுக்காரன்.

“சார்ட்ட கேளு” என்றேன்.

படாளத்துப் பெண் மட்டும் தயங்கி நின்றாள். “எனுக்கு இது கை வராதுண்ணா.”

“நான் சொல்றன்ல. போய் நில்லு.”

போய் நின்றாள். அரை மணியில் அவள் முன்னால் வேலை குவிந்துவிட்டது. அண்ணாத்த முகத்தைத் தூக்கிக்கொண்டு, ஆமையாகச் சுற்றினார். செங்கல்பட்டுக்காரன் சரி என்று விட்ட ஒயர்க் கட்டைப் பார்வையிட வந்தவர் ஒருவர் லேசாக இழுத்தார், ஒயர் கையோடு வந்தது. இன்சார்ஜ் சட்டை முதுகில் ஒட்டும் அளவுக்கு வேர்த்துப்போய் நின்றான். ஒளிப்பானேன், எனக்கு அவ்வளவு சந்தோஷம். டீயை ரசித்துக் குடித்தேன்.

சார்ட் போட்டவன் தலையில்தான் விடியும் என்று நம்பியிருந்தேன். அவன் அந்தச் சார்ட்டையே எடுத்துப்போய் மேலே காட்டினான். வேலை தேங்கிய இடத்தில் அன்று நின்றது யார் என்று அதில் பளிச்சென்று எழுதியிருந்தது. மாதக் கடைசியில் அவளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வேணுமென்று செய்தது நான்தான் என்று மேலே போய்ச் சொல்லியிருக்கலாம். என் வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

கேட்டுக்கு வெளியே சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

“நீ சொன்ன எடத்துலதானே நின்னேண்ணா” என்றாள். அவ்வளவுதான். படாளம் பக்கம் போகும் பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள்.

அந்த வருட ஆயுத பூஜைக்கு லைனைக் கழுவிப் பொட்டு வைத்தோம். எங்கள் கம்பெனியில் இன்சார்ஜ்தான் பூசணிக்காய் உடைப்பது வழக்கம். அவன் அதை என் கையில் கொடுத்தான்.

“அன்னிக்கு என் சார்ட்ட மதிச்சு ஓட்டுனது நீ ஒருத்தன்தான்யா. நீயே உடை.”

அவன் காலடியிலேயே ஓங்கி அடித்தேன். குங்குமத் தண்ணீர் அவன் வெள்ளை பேண்ட்டில் முழங்கால் வரை தெறித்தது. நல்ல சகுனம் என்று சொல்லி, சிரித்துக்கொண்டே என் தோளில் தட்டினான். எல்லோரும் கை தட்டினார்கள்.