மாஃபிக்கு நான் சொன்ன அர்த்தம்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்னவன் நான். ஆனால் ராஸ் அல் கைமாவில் சிமெண்ட் ஆலைக்குப் போகிற சாலையில் நான் வைத்திருந்த பகாலாவுக்கு, அதாவது மளிகைக் கடைக்கு, பட்டம் வாங்கியவனெல்லாம் வந்து, "பாய், இந்த ஆபீசுல அரபியில என்ன பேசணும்?" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பின்னால் வரப்போவதைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பெருமை பேசிக்கொள்ள எனக்கு வேண்டியிருக்கிறது.

நான் வந்த புதிதில் ஓர் அரபி வீட்டில் கார் கழுவினேன். அந்த வீட்டுப் பிள்ளைகளோடு பேசிப் பேசியே அரபி படித்தேன். மற்றவர்கள் சைட்டிலும் கேம்பிலும் இந்தியை வைத்துச் சமாளித்தார்கள். எனக்கு இந்தி என்றால் இளக்காரம். "அரபி நாட்டுல இருந்துக்கிட்டு என்னடா அச்சா, ஜல்தி?" என்று கேலி பேசுவேன். எழுத்து மட்டும் வராது. இங்கிலீஷ் எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டி வாசிப்பேன். போன் கார்டும் சிம் கார்டும் விற்கிறவனுக்கு அது போதும்.

கடை வாசலில் குளிர்பானப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் உட்கார்ந்துகொண்டு நான் சொல்லாத தீர்ப்பு கிடையாது. சாலையில் மின்னல் அடிக்கும் கேமராவில் மாசக் கடைசியில் ஃபிலிம் தீர்ந்திருக்கும், பயப்படாமல் ஓட்டு என்பேன். ஏர்போர்ட்டில் கண்ணைப் படம் பிடிக்கிற மெஷின் வந்தபோது, அதில் பார்த்தவன் ஆறு மாதத்தில் கண்ணாடி போடுவான் என்றேன். அரசாங்க ஆஸ்பத்திரியில் எந்தக் கவுண்ட்டரில் நிற்க வேண்டும், எந்த நர்ஸிடம் சிரிக்கக் கூடாது, எல்லாம் என்னிடம் இருந்தது. சிலது சரியாகவும் இருந்தது. ஒரு கேம்பில் பதினொரு பேருடைய பாஸ்போர்ட்டை முதலாளி பூட்டி வைத்திருந்தபோது, அவர்களை அழைத்துக்கொண்டு லேபர் ஆபீசுக்குப் போய் வாய்ச் சாமர்த்தியத்தாலேயே வாங்கிக் கொடுத்தவன் நான். அன்றிலிருந்து, "பாய் சொன்னா சரிதான்" என்பது அந்தச் சாலையில் ஒரு பழமொழி.

பெரம்பலூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர். கல் குவாரியில் வேலைக்கு வந்தவர். கம்பெனி படுத்துவிட்டது. விசா கொடுத்த கஃபீல் போனை எடுப்பதில்லை, பாஸ்போர்ட்டும் அந்த ஆளிடம். விசா முடிந்து மூன்று வருடம். மணலுக்குள் தள்ளி இருந்த ஒரு தோட்டத்தில் ஆடு மேய்த்துக்கொண்டு ஒளிந்திருந்தார். பதினைந்து நாளைக்கு ஒருமுறை என் கடைக்கு வந்து போன் கார்டு வாங்குவார். வீட்டுக்காரிக்கு இருதயத்தில் வால்வு கெட்டிருக்கிறது, ஆபரேஷன் செய்யவேண்டும் என்று திருச்சியில் சொல்லியிருந்தார்கள். அந்த அம்மாவோ, "நீங்க வந்து கையெழுத்துப் போட்டாத்தான் படுப்பேன், இல்லாட்டி மாட்டேன்" என்று ஒரே பிடியாக இருந்தார். இவர் போகவேண்டும். போனால் ஏர்போர்ட்டில் பிடித்து ஜெயிலில் போடுவார்கள். இதுதான் அவருடைய கதை.

ஒருநாள் மத்தியானம், தொழுதுவிட்டு வந்து கடையைத் திறந்த நேரம், மூச்சிரைக்க வந்தார். கையில் போன்.

"பாய், நம்ம தோட்டத்துக்குப் புல்லு கொண்டார பட்டாணி, அந்தப் பாகிஸ்தான் லாரி டிரைவர், மெசேஜ் அனுப்பியிருக்கான். என்னன்னு பாருங்க. நல்ல சேதியா இருக்குமோன்னு மனசு அடிச்சுக்குது."

கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டினேன். "விசா... கதம்... சப்கோ... மாஃபி." பிறகு லாஸ்ட் டேட் என்று ஒரு தேதி.

"மாஃபின்னா என்ன பாய்?"

"மூணு வருஷமா இங்க ஆடு மேய்க்கிறே, மாஃபி தெரியாதா? தண்ணி மாஃபி, சோறு மாஃபி, மூளை மாஃபி. மாஃபின்னா இல்லை."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

"விசா முடிஞ்சவன் எல்லாத்துக்கும் இல்லைன்னு சொல்லிட்டான். ஒரு சலுகையும் இல்லை. இந்தத் தேதியிலிருந்து தேடிப் பிடிக்கப் போறான், அதான் லாஸ்ட் டேட். பட்டாணி உன்னை உஷார் பண்றான், புரியுதா?"

அவர் முகம் செத்துவிட்டது. "அப்ப என்ன பாய் செய்யறது?"

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். சட்டம் சொன்னவன் விஞ்ஞானமும் சொல்ல வேண்டாமா? "முதல்ல இந்த சிம்மை ஒழி. டவர் இருக்கே டவர், நீ எந்த ஆட்டுப் பக்கத்துல உக்காந்திருக்கேங்கிறது வரைக்கும் போலீசுக்குக் காட்டிக் கொடுத்துடும்" என்று அவர் கையிலிருந்து போனை வாங்கி, சிம்மைக் கழற்றி, பால் பாக்கெட் வெட்டுகிற கத்திரிக்கோலால் இரண்டாக வெட்டிக் குப்பையில் போட்டேன். "நான் ஆள் சொல்லி அனுப்பற வரைக்கும் தோட்டத்தை விட்டு வெளியே வராதே. யார் கூப்பிட்டாலும் போகாதே."

"சரி பாய். நீங்க இருக்கறதால தப்பிச்சேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்தாம் நாள், ரொட்டி வண்டி ஓட்டுகிற மலையாளி கடைக்கு ரொட்டி இறக்கும்போது, "இக்கா அறிஞ்ஞில்லே? பொதுமாப்பு வந்நல்லோ!" என்றான். விசா இல்லாதவர்கள் அபராதமும் கட்ட வேண்டாம், ஜெயிலுக்கும் போக வேண்டாம், கெடுவுக்குள் இமிகிரேஷனில் போய்ப் பதிந்துகொண்டு நாட்டுக்குப் போகலாம் என்று பேப்பரில் வந்திருப்பதைக் காட்டினான்.

பொதுமாப்பு. மாப்பு. ரொட்டிக் கூடையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் ஊரில் ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் வீடு வீடாக ஏறி இறங்கி, "தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் செஞ்சிருந்தா மாப்புச் செய்யுங்க" என்று கேட்பார்கள். சின்ன வயதிலிருந்து கேட்ட சொல். பட்டாணி எழுதியது அந்த மாஃபியைத்தான். மன்னிப்பு. அரபிக்காரன் வாயில் இல்லை என்று அர்த்தமாகிற சத்தம், இந்திக்காரன் வாயில் மன்னிப்பு என்று ஆகிறது. எல்லோருக்கும் மன்னிப்பு என்று வந்த சேதியை, எவனுக்கும் இல்லை என்று நான் வாசித்துக் கொடுத்திருக்கிறேன்.

அன்றைக்கே டாக்ஸி பிடித்துத் தோட்டத்துக்குப் போயிருக்கலாம். முக்கால் மணி நேரப் பயணம். போகவில்லை.

அதற்குப் பதில் என்ன செய்தேன் தெரியுமா? பொதுமன்னிப்புக்கு நானே அத்தாரிட்டி ஆனேன். அட்டைப்பெட்டியைக் கிழித்து, எழுதத் தெரிந்த ஒருவனைப் பிடித்து, விவரம் எழுதிக் கடை வாசலில் தொங்கவிட்டேன். எத்தனையோ பேரை அனுப்பினேன். எந்த வாசல், எத்தனை போட்டோ, டைப்பிங் கடையில் என்ன சொல்ல வேண்டும், எல்லாம் என் வாயிலிருந்து வந்தது. அன்றைக்கு நான் மாஃபிக்கு அர்த்தம் சொன்னபோது நின்று சிரித்தவர்களில் ஒரு கிரேன் ஆப்பரேட்டர் இருந்தான். அவன் ஒருநாள் கேட்டான்:

"பாய், அன்னிக்கு சிம்மை வெட்டினீங்களே, அந்தப் பெரம்பலூர்க்காரர் என்ன ஆனாரு?"

"அவனை அன்னிக்கே கூப்பிட்டு அனுப்பிட்டேன்ல. இந்நேரம் ஊர்ல இருப்பான்."

வாய் தானாகச் சொன்னது. கல்லாவைத் திறந்து, எண்ணி வைத்த சில்லறையையே மறுபடி எண்ணினேன்.

அடுத்த வெள்ளி போகலாம், அடுத்த வெள்ளி போகலாம் என்று ஏழு வெள்ளிக்கிழமை ஓட்டினேன். வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். யார் சொல்வது? யார் கூப்பிட்டாலும் போகாதே என்று சொல்லி வைத்தவனே நான்தானே. மூன்றாம் வகுப்புக்காரனுக்குத் தெரியவில்லை என்று நாலு பேர் சொல்லிவிடுவார்களே என்கிற ஒரே பயம். இத்தனைக்கும் யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது. சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள்.

கெடு முடிகிற நாளன்று காலையில் கடையை மூடிவிட்டுப் போனேன். ஆட்டுக் கிடைக்குப் பக்கத்தில், தகரக் கொட்டகையில், தாடி மண்டிப்போய் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் ஓடிவந்த வேகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

"பாய்! நீங்களே வந்துட்டீங்களா? பட்டாணி ரெண்டு தடவை வந்து வா வான்னு கூப்பிட்டான் பாய். நீங்க சொன்னாப்புல ஒளிஞ்சுக்கிட்டேன், அவன் கண்ணுலயே படலை." பிறகு, "வீட்டுக்காரிகிட்டப் பேசி ரெண்டு மாசம் ஆகுது. எப்படி இருக்கான்னே தெரியலை" என்றார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று கேட்கிற உங்களுக்குத் தெரியும். நான் சொன்னது இது: "சட்டம் மாறிடுச்சு தம்பி. நேத்துத்தான் மாறுச்சு. இன்னிக்கு ஒருநாள்தான் டைம். கிளம்பு."

வழியெல்லாம் அந்த மனுஷன் எனக்கு நன்றி சொல்லிக்கொண்டே வந்தார். டாக்ஸிக்காரனிடம் தெரிந்த இந்தியில், "பாய் பஹுத் அச்சா ஆத்மி", ரொம்ப நல்ல மனுஷன், என்றார்.

இமிகிரேஷனில் வெயிலில் நின்று, கூட்டத்தில் இடிபட்டு, ஒருவழியாகக் கவுண்ட்டருக்கு வந்தோம். அதிகாரி சின்னப் பையன் மாதிரி இருந்தார். என் அரபியைக் கேட்டு மரியாதையாகச் சிரித்தார். பிறகு பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டார்.

"மாஃபி" என்றேன்.

பாஸ்போர்ட் இல்லாதவர்கள் துபாயில் நம் நாட்டு ஆபீசில் அவுட்பாஸ் வாங்கி வரவேண்டும், அதற்குச் சில நாள் ஆகும். நான் அனுப்பிய மற்றவர்களுக்கு இதை நானே சொல்லியிருக்கிறேன். எனக்குத் தெரியும். தெரிந்தும், வாய்ச் சாமர்த்தியத்தில் காரியம் ஆகிவிடும் என்று வந்தேன். கெஞ்சினேன். நாளை கொண்டு வருகிறோம் என்றேன். அதிகாரி கோபப்படவில்லை. கையை விரித்து, "புக்ரா மாஃபி. கலாஸ்" என்றார். நாளை என்பது இல்லை, முடிந்தது. அந்தச் சொல்லுக்கு நான் சொன்ன அர்த்தம் அன்றைக்கு அந்தக் கவுண்ட்டரில் சரியாகிவிட்டது.

"பாய் இவ்வளவு தூரம் பாடுபட்டீங்க. என் தலையெழுத்து, விடுங்க" என்று அவர் எனக்கு ஆறுதல் சொன்னார். போகும் வழியில் புது சிம் ஒன்று கொடுத்தேன். மனைவியோடு பேசினார். நான் டாக்ஸி ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஐந்தாறு மாதம் கழித்து ஒரு சோதனையில் பிடிபட்டார். ஜெயில். கண்ணைப் படம் பிடித்து, இனி இந்த நாட்டுக்குள் வரக்கூடாது என்று ஏற்றி அனுப்பினார்கள். அவர் போய்க் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அந்த அம்மா ஆபரேஷனுக்குப் படுத்தார். ரொம்பத் தள்ளிப்போட்டு விட்டீர்கள் என்றார்களாம் டாக்டர்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவார் என்று கேள்வி. அதற்கும் பின்னால் என் கடைக்குப் பெரம்பலூர்க்காரன் எவனாவது வந்தால், "எங்க ஊர்ல ஒருத்தரு உங்களைப் பத்தி ரொம்பச் சொல்லுவாரு பாய், கார் எடுத்துக்கிட்டுத் தேடி வந்தீங்களாமே" என்பான். நான் டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவேன்.

இரண்டு வருடம் கழித்து எனக்கு ஹஜ்ஜுக்கு வாய்த்தது. ஊரில் எல்லோரிடமும் போனில் மாப்புக் கேட்டேன். பங்காளியிடம், பேச்சுவார்த்தை இல்லாத மச்சானிடம், பழைய கூட்டாளியிடம். கடைசியாக ஒரே ஒரு பெரம்பலூர் நம்பர் மிச்சம் இருந்தது.

"பாயா! எப்படி இருக்கீங்க பாய்? நானே கூப்பிடணும்னு இருந்தேன். வீட்டுக்காரிக்கு வைத்தியத்துக்கு அரசாங்கத்துல அட்டை கொடுக்கறாங்களாம், யாரைப் பார்க்கணும், என்ன காகிதம் வேணும்னு உங்களைக் கேட்டாத் தெரியும்னு..."

"தம்பி, அதுக்கு முந்தி ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு அந்த மெசேஜுல மாஃபின்னு இருந்தது மன்னிப்பு. நான் தப்பாச் சொல்லிட்டேன். அஞ்சாம் நாளே தெரிஞ்சுபோச்சு. ஆனா நான் வரலை. சட்டமெல்லாம் மாறலை தம்பி."



"தெரியும் பாய்" என்றார்.

"எப்படி?"

"ஜெயில்ல கூட இருந்தவன் பூரா இந்திக்காரனும் பட்டாணியும்தானே. காலையில எந்திரிச்சா மாஃபி, படுக்கறப்ப மாஃபி. அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லிக்கிட்டு இருப்பானுவ. ரெண்டாம் நாளே விளங்கிப்போச்சு."

"அப்ப ஏன் தம்பி ஒரு வார்த்தை கேக்கலை? ஊரெல்லாம் என்னைப் பெருமையா வேற..."

"நீங்க தேடி வந்தது நெசம்தானே பாய். மத்ததை நீங்களே ஒருநாள் சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

மாப்புச் செய் தம்பி என்றேன். அதைச் சொல்லத்தான் போன் போட்டேன். அந்தப் பக்கம் அந்த அம்மா யாருடைய போன் என்று கேட்பதும், இவர் "நம்ம பாய்தான்" என்று சொல்வதும் கேட்டது.

"நல்லபடியாப் போயிட்டு வாங்க பாய்" என்றார்.

நான் கேட்ட சொல் அது இல்லை. ஆனால் இரண்டாம் தடவை கேட்கிற முகம் எனக்கு இல்லை. வைக்கப்போகிற நேரத்தில், பேச்சுக்காக, "அந்த அட்டைக்கு என்ன செய்யணும்னு எனக்குத் தெரியாது தம்பி" என்றேன். என் ஆயுளில் யாரிடமும் நான் தெரியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"சரி பாய்" என்றார். "தெரிஞ்சவங்க யாரையாவது கேட்டுக்கறேன்."