மூன்றாவது மேசையின் மைக்கறை

சின்னாளபட்டிப் பள்ளிக்கூடம் ஒன்றில் முத்துப்பேச்சி ஆயாவாக இருந்தாள். வெள்ளிக்கிழமைதோறும் புளியும் செங்கல்பொடியும் போட்டு மேசைகளைத் தேய்ப்பது அவள் வேலை. இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று, 1958-ல் ஒரு வாரம், மூன்றாவது மேசையில் மையால் பதிந்திருந்த சின்னக் கைத்தடத்தையும் விடாமல் தேய்த்துப் போக்கிவிட்டாள். அது அங்கே படித்த செல்லக்கிளி மைப்புட்டியைக் கவிழ்த்தபோது ஊன்றிய கை. அந்தப் பிள்ளை அம்மை கண்டு இறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது.

திங்கட்கிழமை செல்லக்கிளியின் தாய் சுந்தரம்மாள் வந்தாள்.

"மதினி, எம்மக கை மேசையில பதிஞ்சிருக்காமே. அவ படம்கூட எங்ககிட்ட இல்ல. செத்த நேரம் பாத்துட்டுப் போறேன்."

முத்துப்பேச்சிக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. மேசையைக் காட்டினாள். சுந்தரம்மாள் வெறும் பலகையைத் தடவிப் பார்த்தாள்.

"எம்புட்டுச் சுத்தமா வச்சிருக்கீக," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வெள்ளிக்கிழமை ஈரத்துணி பட்டதும் பலகையில் ஐந்து விரல்கள் நீலமாக எழுந்தன, காய்ந்ததும் மறைந்தன. வாராவாரம் அப்படியே நடந்தது. கடைசியில் முத்துப்பேச்சி ஓடிப்போய், தறியில் இருந்த சுந்தரம்மாளைக் கையோடு கூட்டிவந்தாள். அவள் முன்னாலேயே துணியை நனைத்துத் துடைத்தாள்.

"தெரியுதா தாயி?"

சுந்தரம்மாள் பலகையில் கையை வைத்தாள்.

"ஈரந்தான் மதினி தெரியுது."

அவள் கை அந்தச் சின்ன நீலக் கையின் மேலேயே இருந்தது.