கோச்சி போகிற ஊருக்குத்தான் பொண்ணு

எனக்குப் பெண் தர மறுத்தவர்கள் சொன்ன காரணம் ஒன்றே ஒன்றுதான். வட்டவளையிலிருந்து வத்தேகமவுக்குக் கோச்சியில், அதுதான் ரயிலில், போய் அன்றைக்கே திரும்ப முடியாது.

மற்ற எதிலும் குறை இல்லை. சாதகம் பொருந்தியிருந்தது. என் அப்பாவும் அம்மாவும் மடுல்கெல்லையில் தோட்ட வேலை செய்கிறவர்கள். குடும்பத்தில் முதல் ஆளாகப் பள்ளிக்கூடம் போய், படித்து, வாத்தியாராகி, வத்தேகம ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வாடகைக்கு ஒரு வீடும் எடுத்திருந்தேன். பெண்ணும் வாத்தியார்தான். ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் இரண்டு வருடம் ஒன்றாகப் படித்தோம். எங்கள் இருவருக்கும் இடையில் பேச வேண்டியதெல்லாம் பேசி முடிந்திருந்தது. மிஞ்சியது அவளுடைய அம்மாவின் வயிறு.

அந்த அம்மாவுக்கு பஸ் ஆகாது. ஏறி உட்கார்ந்தால் மூன்றாவது வளைவில் வாந்தி. மலைநாட்டில் வளைவுக்கா பஞ்சம்? எலுமிச்சம்பழம் முகர்ந்து பார்த்தார், இஞ்சி மென்று பார்த்தார், மாத்திரை போட்டுப் பார்த்தார், ஒன்றும் சரிவரவில்லை. வேனும் அப்படித்தான், ஓட்டோவும் அப்படித்தான். கோச்சியில் மட்டும் ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்து, வடை வாங்கித் தின்று, பக்கத்தில் இருப்பவரிடம் ஊர் விசாரித்துக்கொண்டு வருவார். அதனால் மூத்த மகளைக் கொட்டகலையிலும் அடுத்தவளை நானுஓயாவிலும் கட்டிக் கொடுத்திருந்தார். இரண்டும் ரயில் நிற்கும் ஊர்கள்.

"கோச்சி போற ஊருக்குத்தான் பொண்ணு. நாளைக்கு இவளுக்குப் பேறுகாலம்னா நான் போகணுமா வேணாமா? வாந்தி எடுத்துக்கிட்டு கெடக்கிறவ என்னத்த பேறுகாலம் பாக்குறது?" என்று கேட்டாராம். போனில் இதை அவள் சொன்னபோது எனக்குக் கோபம் வரவில்லை. நியாயமான கேள்வியாகவே பட்டது.

வத்தேகமவிலும் ரயில் நிலையம் உண்டு. கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் கிளைப் பாதையில் இருக்கிறது. ஆனால் வட்டவளையிலிருந்து இறங்கி வரும் காலைக் கோச்சி, பேராதனைச் சந்தியோடு கண்டிக்கு முதுகைக் காட்டிவிட்டுக் கொழும்புக்குப் போய்விடும். அங்கே இறங்கினால் எங்கள் பக்கம் வரும் ரயிலுக்குச் சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பஸ். பஸ் என்ற பேச்சே இல்லை.

இப்படி நாலைந்து மாதம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தையில் புடலங்காய் வாங்கிக்கொண்டு ஸ்டேஷன் வழியாக வருகிறேன், பலகையில் புதிதாக ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. சனி ஞாயிறுகளில் கண்டிக்கும் மாத்தளைக்கும் இடையில் ஒரு கரிக்கோச்சி ஓடும். சுற்றுலாக்காரர்களுக்காகத் துடைத்து மினுக்கி வைத்திருக்கும் பழைய நீராவி எஞ்சின், பலகை ஆசனம் போட்ட சிவப்புப் பெட்டிகள். பிள்ளைகள் அதற்குக் கை காட்டுவார்களே தவிர எங்கள் ஆட்கள் யாரும் ஏறியதில்லை. அந்தக் கோச்சி அடுத்த மாதத்திலிருந்து கண்டியோடு நிற்காமல் பேராதனைச் சந்தி வரை போய், மலைநாட்டிலிருந்து வரும் ரயிலைச் சந்தித்து, அதில் வரும் பயணிகளை ஏற்றிக்கொண்டு மாத்தளைக்குத் திரும்பும் என்று எழுதியிருந்தது. பின்னேரமும் அப்படியே ஒரு சந்திப்பு. கடைசி இரண்டு பெட்டிகளில் சாதாரண டிக்கெட்டுக்கு யாரும் போகலாம்.

தமிழில் இரண்டு தரம் வாசித்தேன். நம் நாட்டு அறிவித்தல்களில் தமிழை மட்டும் நம்ப முடியாது. ஆகவே சிங்களத்திலும் இங்கிலீஷிலும் வாசித்து மூன்றும் ஒன்றையே சொல்கின்றன என்று உறுதிப்படுத்திக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் சந்தோஷப்பட்டேன். புடலங்காயை ஸ்டேஷன் வாங்குப் பலகையிலேயே விட்டுவிட்டு வந்தது வீட்டில்தான் தெரிந்தது.

கரிக்கோச்சி சந்தி வரை ஓடத் தொடங்கிய முதல் சனிக்கிழமை நானும் ஏறினேன். கையில் ஒரு கண்ணாடிக் கிளாஸ் நிறையத் தண்ணீர். அதை ஜன்னல் பலகையில் வைத்து, எந்த இடத்தில் எவ்வளவு சிந்துகிறது என்று பார்த்துக் கொப்பியில் குறித்துக்கொண்டேன். அந்த ரயிலின் கார்ட் அக்குறணைக்காரர், நரைத்த தாடி வைத்தவர். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"என்ன தம்பி, ரயில்வேயில இருந்து அனுப்பினதா?"

"இல்லைங்க. என் மாமியாருக்காகப் பாக்குறேன்."

"மாமியாருக்குத் தண்ணியா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டார். பிறகு, "எங்கட வீட்டிலயும் ஒரு ஆள் இருக்கு, வேன்ல ஏறினா பையும் கையுந்தான்" என்றார். அடுத்த சனிக்கிழமையும் நான் கிளாஸோடு வந்ததைப் பார்த்து, "தண்ணிக் கிளாஸ் சேர் வந்திட்டார், கோச்சிய மெதுவா விடுங்க" என்று எஞ்சின் பக்கம் பார்த்துச் சத்தம் போட்டார். இரண்டு பயணத்திலும் கால் கிளாஸுக்கு மேல் சிந்தவில்லை.

அந்தக் கொப்பியை ஆதாரமாக வைத்து அவளுடைய அப்பாவுக்கு இரண்டரைப் பக்கத்தில் கடிதம் எழுதினேன். எந்த மேடையில் இறங்குவது, எந்தப் பக்கம் திரும்புவது, எந்தப் பெட்டியில் ஏறுவது எல்லாம் படம் போட்டு விளக்கியிருந்தேன். பதில் அவளிடமிருந்து போனில் வந்தது. "அம்மா வந்து பாக்குறாங்களாம். மத்தியானச் சோத்துக்குள்ள ஒங்க வீட்டுக்கு வந்து சேரணும், வெளக்கு வைக்கிறதுக்குள்ள எங்க வீட்டுக்குத் திரும்பணும். ஒரு தடவதான் பாப்பாங்களாம்."

மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதற்கு முதல் நாள் மறுபடி பேசினாள். "ஆறு பேரு கெளம்புனாங்க. அப்பா, அம்மா, அண்ணன், பெரியக்கா, அத்தான், மாமா. நல்ல காரியத்துக்கு ரெட்டப் படையில போகக் கூடாதுன்னு இப்ப ஏழாவதா பிள்ளைக்காம்பரா அக்காவையும் சேத்துக்கிட்டாங்க."

பிள்ளைக்காம்பரா என்பது கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகும் இடம். அங்கே குழந்தை பார்க்கும் அந்த அக்காவை எனக்குத் தெரியும். வாய் மூடாது. ஒரு தடவை வட்டவளை ஸ்டேஷனில் என்னையும் அவளையும் பார்த்துவிட்டு, டிக்கெட் கொடுப்பவர் வரைக்கும் எங்கள் கதையைச் சொல்லி முடித்தவர். "வேற ஆளே கெடைக்கலையா?" என்றேன். "அவங்கதான் சும்மா இருக்காங்க" என்றாள்.

அப்பாவும் அம்மாவும் மடுல்கெல்லையிலிருந்து வந்திருந்தார்கள். நான் விடியற்காலையில் சட்டைக்குப் பெட்டி போடுவதைப் பார்த்து அப்பா சொன்னார், "ஊருல எல்லாரும் பொண்ணு வீட்டுக்காரங்கள நம்பிக் கலியாணம் பண்ணுவாங்க. இவன் கோச்சிய நம்பிப் பண்றான்." அம்மா, "அது படிச்ச புள்ள, யோசிச்சுத்தான் செய்யும்" என்றார். எனக்கு அது கொஞ்சம் பயமாகவே இருந்தது.

கண்டிக்கு பஸ்ஸில் போய், கரிக்கோச்சியில் ஏறிப் பேராதனைச் சந்தியில் இறங்கினேன். ஒன்பது ஐம்பதுக்கு மலைநாட்டு ரயில் வர வேண்டும். பத்து மணி பத்து நிமிடத்துக்குக் கரிக்கோச்சி கிளம்ப வேண்டும். பத்து மணியாயிற்று. மலைநாட்டு ரயிலைக் காணோம். அண்ணனுடைய போனுக்கு எடுத்தால் தொடர்பு இல்லை. அவளுக்கு எடுத்தேன். "காலையிலேயே ஏறிட்டாங்க. அண்ணன் போன்ல சார்ஜ் இல்ல. இங்க கோச்சியே அரை மணி லேட்டாத்தான் வந்துச்சு" என்றாள்.

கார்டிடம் ஓடினேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பதினஞ்சு நிமிஷம் என்ட கையில இருக்கு. அதுக்கு மேல பிடிச்சு வைக்க ஏலாது, தம்பி. ஒத்தைப் பாதை. எதிர்ல மாத்தளையில இருந்து ஒரு ரயில் வருது."

"ஏழு பேரு வராங்கங்க. எனக்கு நல்லாத் தெரியும்."

"ஒங்களுக்குத் தெரிஞ்சு காணாது. அந்த ரயில்ட கார்ட் சொல்லணும். இன்ன லைனுக்கு மாற இத்தனை பேர் இருக்காங்கன்னு வழியில ஒரு ஸ்டேஷன்ல சொன்னா, அங்கால இருந்து இங்க போன் வரும். வந்தா எதிர் ரயில நிப்பாட்டி வச்சு இத விடுவாங்க. வராட்டி ஆள் இல்லன்னு அர்த்தம்." பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "கார்ட்டுக்கிட்டச் சொல்லச் சொல்லி எழுதினீங்களா?"

இரண்டரைப் பக்கம் எழுதியிருந்தேன். மேடையில் தண்ணீர்க் குழாய் இருக்கும் இடத்தைக்கூட எழுதியிருந்தேன். இதை எழுதவில்லை. எனக்கே தெரியாது. எல்லாம் தெரியும் என்ற நினைப்பில் கேட்காமல் விட்ட ஒரே கேள்வி அது.

பத்து இருபத்தைந்தும் ஆயிற்று. எஞ்சின் புஸ்ஸென்று ஆவி விட்டது. வெள்ளைக்காரர்கள் இறங்கி அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு நாள் பிந்தினாலும் பரவாயில்லை. கார்ட் பச்சைக் கொடியைக் கையில் எடுத்தார். விரிக்காமல், அதன் மடிப்பை மெதுவாக நீவிக்கொண்டிருந்தார். எனக்காகத்தான் என்று தெரிந்தது.

அப்போது ஸ்டேஷன் மாஸ்டர் தன் அறையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தோடு வெளியே வந்தார். கார்டிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்தது. கார்ட் காகிதத்தை வாங்கி என் பக்கம் திரும்பி வாசித்தார்.

"கம்பளையில இருந்து. வத்தேகமவுக்கு ஏழு பேர். அதில ஒரு அம்மாவ பஸ்ல ஏத்தக் கூடாது. மாப்பிள்ளை சந்தியில நீலச் சட்டையோட நிப்பார்." கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தார். "இனி எவ்வளவு நேரம் வேணுமெண்டாலும் நிப்போம்."

நான் என் சட்டையைக் குனிந்து பார்த்தேன். நீலந்தான்.

மலைநாட்டு ரயில் வந்து நின்றதும் முதலில் இறங்கியது பிள்ளைக்காம்பரா அக்கா. ஒரு கையில் பூசணிக்காய், மறு கையில் வாழைப்பழச் சீப்பு. "சேர், நிக்கிதா நம்ம கோச்சி?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். "நாவலப்பிட்டியில எறங்கி அந்த கார்ட் ஐயாகிட்ட எல்லாம் சொன்னேன். எதுக்குப் போறோம், ஏன் பஸ்ல போகல, மாப்பிள்ளைக்கு என்னா சம்பளம், எல்லாம். அவரு வேலையப் பாக்கணும்னு சொன்னாரு, நான் விடல, அவரு பெட்டியிலேயே ஏறிக்கிட்டேன். கம்பளை வந்ததும் தாங்க முடியாம போன் எடுக்கப் போயிட்டாரு."

"நீலச் சட்டை எப்படித் தெரியும்?"

"நல்ல நாளுக்கு ஒங்ககிட்ட வேற சட்டை ஏது?"

அவருக்குப் பின்னால் அவளுடைய அம்மா மெதுவாக இறங்கினார். என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். நேரே கரிக்கோச்சியிடம் போனார். எஞ்சினை ஒரு தரம், சக்கரத்தை ஒரு தரம் பார்த்தார். "இதுவா?" என்றார். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

நான் எதிர்ப் பலகையில் இருந்தேன். கண்டி கடந்ததும் ஒரு வளைவு வரும், என் கொப்பியில் அதிகம் சிந்தியது என்று குறித்த இடம். அதில் ரயில் திரும்பும்போது அவர் முகத்தையே பார்த்தேன். அவர் வெளியே தலையை நீட்டி, வளைந்து வரும் பின்பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே திரும்பியபோது நெற்றியிலும் மூக்கிலும் கரி. "என்னா தம்பி இப்புடிப் பாக்குற?" என்றார். என்னை அவர் தம்பி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பெரியக்கா முந்தானையால் கரியைத் துடைக்கப் போனார். "இருக்கட்டும் விடு, நல்லாருக்கு" என்று கையைத் தட்டிவிட்டார்.

வத்தேகமவில் இறங்கிய பிறகு வீட்டுக்கு நடை மூன்று நிமிடம். சோறு, பருப்பு, கோழிக்கறி, அப்பளம். அம்மா பரிமாறினார். மாமா வீட்டுக் கூரையைப் பார்த்தார், அத்தான் கிணற்றைப் பார்த்தார். அவளுடைய அம்மா வாசலில் நின்று தண்டவாளம் தெரிகிறதா என்று பார்த்தார். தெரிந்தது.

என் அப்பா தொண்டையைச் செருமினார். "சனி ஞாயிறுதாங்க இது ஓடும். மறைக்கக் கூடாது பாருங்க. பேறுகாலம் பொதன்கெழம வந்தா என்னா பண்ணுவீங்க?"

நான் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டேன்.

"முந்தின சனிக்கெழமையே வந்து ஒக்காந்துக்குவேன்" என்றார் அவளுடைய அம்மா. "வந்தா ரெண்டு மாசம் போக மாட்டேன். சம்மந்தி வீட்டுல எடம் இருக்கில்ல?"

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் சம்மதம் என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. அவளுடைய அப்பா சாடையாகக் கேட்டபோது, "பாதிதான் வந்திருக்கோம். திரும்பிப் போகணும்ல" என்று முடித்துவிட்டார்.

பின்னேரக் கரிக்கோச்சியில் ஏற்றிவிட்டோம். கார்ட் அவருக்கு ஜன்னலோரத்தில் இடம் பிடித்து வைத்திருந்தார். பிள்ளைக்காம்பரா அக்கா ஏறியதும் அவரிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். "எனக்கெல்லாந் தெரியும் தங்கச்சி, நான் இப்பவே போன் எடுக்கிறேன்" என்றார் கார்ட்.

அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. கொப்பி திருத்த உட்கார்ந்தேன். ஒரு பிள்ளையின் கணக்கில் சரியான விடைக்குப் பிழை போட்டுவிட்டு அழித்தேன். அம்மா கிளாஸ்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அப்பா வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். இந்நேரம் சந்தி, இந்நேரம் கம்பளை, இந்நேரம் நாவலப்பிட்டி என்று மூவரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஆறு மணிக்குப் போன் அடித்தது. அவள்தான். பின்னால் பிள்ளைக்காம்பரா அக்காவின் குரல் யாருக்கோ கரிக்கோச்சியின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

"அம்மா வாந்தி எடுக்கல" என்றாள்.

அதை அப்படியே என் அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஈரக் கையோடு என் கன்னத்தைத் தடவினார். அப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து வந்து, சுவரில் தொங்கிய கலண்டரைக் கழற்றினார். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் கலண்டரில் எந்த வரிசை என்ன கிழமை என்று தெரியும்.

"நல்ல நாளு எதுன்னு நீ வாசி" என்று என்னிடம் நீட்டினார். "சனி ஞாயிறுல மட்டும் பாரு. மத்த நாள்ல கரிக்கோச்சி ஓடாது."