பேனாவால் வெட்டிய வரி

பத்திரிகையில் வந்த அந்த விளம்பரம் எனக்கு மனப்பாடமாகியிருந்தது. தையல் மெஷின் விற்கும் பதுளைக் கடை ஒன்றுக்கு, தோட்டம் தோட்டமாகப் போய் விற்க ஆள் வேண்டும். விற்பனை அனுபவம், வாடிக்கையாளர் திருப்தி, இலக்கை எட்டும் வேகம். விண்ணப்பத்தைப் பின்னேரம் நான்கு மணிக்குள் நேரில் கொடுக்க வேண்டும்.

இரண்டாயிரங்களின் தொடக்க வருடங்கள் அவை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒன்றில் சும்மா இருந்தேன். அடுத்த வாரம் கொழுந்தெடுக்க என் பேரைப் பதியும்படி அப்பா கங்காணியிடம் சொல்லிவிட்டார். அதற்குள் இந்த வேலை கிடைத்தாக வேண்டும்.

பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே, விண்ணப்பம் அடித்துக் கொடுக்கும் கடைக்கு ஓடினேன்.

"விளம்பரத்துல உள்ள சொல்லெல்லாம் இதுல இருக்கணும் தங்கச்சி" என்றார் கம்ப்யூட்டரில் இருந்தவர். "இல்லாட்டி உங்க பேப்பர்ல வடை சுத்திருவாங்க."

"புடவைக் கடைக்கு ஓடர் எடுத்திருக்கேங்க. லயம் லயமா."

"விற்பனை அனுபவம், இரண்டு வருடம்."

"ரெண்டு வருசம் இல்லங்க. ரெண்டு தீபாவளி."

"உங்ககிட்ட ஒரு பொய்ய விக்கிறதே பெரிய பாடா இருக்கே" என்று சிரித்தபடி திருத்தினார்.

தாள் வெளியே வந்தது. கடைசி வரி நான் சொல்லாதது: 'வாடிக்கையாளர்களின் முழுத் திருப்தியைப் பெற்றவர்.'

"அது எல்லாருக்கும் போடுறது. எடுக்கணும்னா திரும்ப வரிசைல நில்லுங்க."

மணி மூன்று நாற்பது. எனக்கு முன்னால் ஆறு பேர். தாளை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறினேன். முழுத் திருப்தியாம்! என்னைத் திட்டிய முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. மெஷின் கடை வாசலில் பேனா கேட்டு வாங்கி அந்த வரியை வெட்டினேன். மை கசிந்தது. நீட்டிய பிறகுதான் உறைத்தது, அழகான தாளை நானே கெடுத்துவிட்டேன் என்று. வாங்கியவர் மறுநாள் காலை நேர்முகத்துக்கு வரச் சொன்னார்.

மனேஜர் யாழ்ப்பாணத்துக்காரர். மேசையில் ஏழு விண்ணப்பங்களைப் பரப்பி வைத்திருந்தார்.

"இஞ்ச பாரும். ஏழு பேரும் ஒரே வசனம். நீர் மட்டும் ஏன் பிள்ளை வெட்டினீர்?"

"போன தீபாவளிக்கு நான் ஓடர் எடுத்த சீலையில சாயம் போயிருச்சு சார். பதினொரு வீடு."

"பிறகு?"

"திரும்பப் போனேன். ஏச்சு வாங்கினேன். ஏழு சீலைய கடையில மாத்திக் குடுத்தாங்க. நாலு பேருக்கு மாத்தித் தரல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். போச்சு, திங்கட்கிழமை கொழுந்துக் கூடைதான் என்று நினைத்தேன்.

"திங்கட்கிழமை எங்கட வேன் உங்கட தோட்டத்துக்குப் போகும். அந்த நாலு வீட்டில ஒண்டெண்டாலும் உம்மை இருத்தி மெஷினைப் பார்த்தால், வேலை உமக்கு. இல்லாட்டி இல்லை."

திங்கள் பின்னேரம், கொழுந்தை எடை போட்டுவிட்டு எல்லாரும் திரும்பும் நேரம், வேன் லயத்தடியில் நின்றது. அந்த நாலு வீட்டில் முதல் மூன்று கதவுகளும் திறக்கவில்லை. மெஷினைத் தூக்கிக்கொண்டு போய் இறக்கிய நாலாவது வாசலில் அத்தை ஒருத்தி கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வாம்மா சாயம்! இந்தத் தடவ எது கரையப் போகுது?"

லயமே சிரித்தது.

"இது இரும்பு அத்தை. கரையாது."

அவள் சிரிக்கவில்லை. "அப்போ என் சீலைக்கு என்ன பதில்?"

"பதில் இல்ல அத்தை. கடையில மூணு தடவ கேட்டேன். தரமாட்டேன்னுட்டாங்க."

அவள் உள்ளே போனாள். டிரைவர் வேனின் சாவியைத் திருகினார். என் கை மெஷின் மூடியிலேயே இருந்தது. எடுக்கவும் மனமில்லை, வைக்கவும் மனமில்லை.

மகளின் வெள்ளைச் சீருடையோடு அவள் திரும்பி வந்தாள். தோளில் சாண் நீளக் கிழிசல்.

"கதை வேணாம். இதத் தச்சுக் காட்டு" என்று பலகையை இழுத்து என்னை உட்காரவைத்து, எதிரில் தானும் உட்கார்ந்தாள்.

டிரைவர் எஞ்சினை நிறுத்தினார்.