நெய் விடாத சாப்பாடு

மகள் பத்து நாள் தங்க வருகிறாள் என்று தெரிந்ததும் என் மனைவி என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். "இந்தத் தடவையும் அவ பசியோட திரும்பிப் போனா, நானும் அவகூடவே போயிடுவேன்" என்றாள். அப்போது அவளுடைய வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு இருந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அந்தக் கையைப் பார்க்கத்தான் மகள் பெங்களூரிலிருந்து வருகிறாள், என்னைப் பார்க்க அல்ல. அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

மகள் வீகன். கறி, மீன், முட்டை மட்டுமில்லை, பால், தயிர், மோர், நெய், தேன் எதையும் தொடமாட்டாள். ஆரம்பத்தில் நான் அதைக் காய்ச்சல் மாதிரி நினைத்தேன், நாலு நாளில் இறங்கிவிடும் என்று. இறங்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் கிறிஸ்துமஸ் அன்று, உப்பளம் பேட்டையில் எங்கள் வீட்டில், சொந்தபந்தம் பதினைந்து பேர் சாப்பிட உட்கார்ந்தோம். பிரியாணி, வறுத்த மீன், கேக். அவள் தட்டில் மட்டும் சாதமும் ரசமும். ரசத்தில் நெய்த் தாளிப்பு என்று தெரிந்ததும் தட்டைத் தள்ளிவைத்தாள்.

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். இருந்தாலும் அன்றைக்குக் கிண்டலாகத்தான் ஆரம்பித்தேன். விருந்தாளிகள் வந்தால் வழக்கமாகச் சொல்லும் கதையை எடுத்துவிட்டேன். அவளுக்கு எட்டு வயதிருக்கும்போது ஒரு ஞாயிறு, பூசை முடிந்து மீன் வாங்கத் தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்குக் கூட்டிப்போனேன். கூடையில் போட்ட மீன் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. இவள், "அதால மூச்சு விட முடியலப்பா, திரும்ப விட்டுடலாம்" என்று ஏலம் நடக்கிற இடத்தில் நின்று ஓவென்று அழுதாள். அதே மீனை மத்தியானம் வறுத்து வைத்ததும் கேட்டு வாங்கி இரண்டு துண்டு சாப்பிட்டாள். இதுதான் கதை. கடைசி வரிக்கு எல்லாரும் சிரிப்பார்கள். அன்றைக்கும் சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு ஏறிவிட்டது. இந்த வீட்டுச் சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் இந்த வீட்டுக்கு ஏன் வருகிறாய் என்று அத்தனை பேர் முன்னால் கேட்டுவிட்டேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போய்விட்டாள். அதற்குப் பிறகு நான் போனை எடுத்தால் "அம்மாகிட்ட குடுங்க" என்பதோடு சரி.

இப்போது மனைவிக்குக் கை மாவுக்கட்டில் இருக்கிறது. எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். மகளுக்கு அதுவும் சரியாக வராது, இந்த விஷயத்தில் அவள் அப்படியே என் பக்கம். ஆக, வெளிச்சாப்பாடுதான் வழி. அவள் வர நாலு நாள் இருந்தது. ஓய்வுபெற்றவனுக்கு வேறு என்ன வேலை, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் கடற்கரைப் பக்கம், வெளிநாட்டுப் பயணிகள் சுற்றுகிற வெள்ளைக்காரத் தெருக்களுக்குப் போனேன். அங்கே வீகன் என்ற ஒரு வார்த்தை போதும், விளக்கமே வேண்டாம். மெனு கார்டில் பாதி உணவுக்குப் பக்கத்தில் பச்சை இலை போட்டிருந்தார்கள். ஓட்ஸ் பாலில் போட்ட காபி ஒன்று குடித்துப் பார்த்தேன். கஞ்சித் தண்ணீரில் டிகாக்ஷன் விட்டது போல இருந்தது, ஆனால் குற்றம் சொல்லக்கூடாது, கேட்டதைக் கொடுத்தார்கள். பெருமையாக மனைவியிடம் சொன்னேன். அவள் போனில் மகளிடம் கேட்டுவிட்டு வந்தாள். அதெல்லாம் பெங்களூரிலேயே தெருவுக்குத் தெரு இருக்கிறதாம். நம் ஊர்ச் சோறும் குழம்பும் கிடைத்தால் போதுமாம்.

அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. நம் ஊர்ச் சைவ ஓட்டலில் போய்ப் பால் சேர்க்காத சாப்பாடு எது என்று கேட்டால், "எல்லாமே சைவந்தான் சார்" என்கிறார்கள். பொங்கலில் பால் இருக்கிறதா என்று கேட்டேன், இல்லவே இல்லை என்றார் பரிமாறுகிறவர். வந்த பொங்கலில் என் முகம் தெரிந்தது, அவ்வளவு நெய். அது பால்தானே என்றேன். "அது நெய் சார்" என்றார், எனக்கு ஏதோ ஆகிவிட்டது போலப் பார்த்துக்கொண்டு. இன்னொரு இடத்தில் ரவா தோசை பத்திரமானது என்று நம்பி உட்கார்ந்தேன். மாவில் புளித்த மோர் ஊற்றிக் கரைப்பார்களாம். மூன்றாவது இடத்தில் நெய் வேண்டாம் என்று மூன்று முறை சொன்னேன், மூன்று முறையும் தலையாட்டினார்கள், கடைசியில் பருப்பின் மேல் ஒரு கரண்டி விட்டார் ஒருவர். ஏன் என்று கேட்டால், முதலாளிதான் சொன்னாராம், பெரியவர் வந்திருக்கிறார், நன்றாகக் கவனி என்று.

எங்கள் ஊரில் நெய்யை யாரும் பாலோடு சேர்த்து நினைப்பதில்லை. நெய் என்பது மரியாதை. அதை வேண்டாம் என்கிறவன் உடம்பு சரியில்லாதவன், அல்லது கோபித்துக்கொண்டவன். நானும் இரண்டு நாளில் அப்படித்தான் ஆகியிருந்தேன். ஒரு ஓட்டலில் சத்தம்கூடப் போட்டுவிட்டேன், அதை மனைவியிடம் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் முதலியார்பேட்டையில் ஒரு சின்ன மெஸ்ஸுக்குப் போனேன். நாலு மேசை, வாசலில் கரும்பலகை. பாகூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் வந்து நடத்துகிற ஒரு அம்மா, ஐம்பது வயது இருக்கும், சமையலும் அவர்தான், கல்லாவும் அவர்தான். எனக்கு விளக்கிச் சொல்லித் தொண்டை வறண்டு போயிருந்தது. வீகன் என்று வாயெடுத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சட்டென்று, "மகளுக்கு ஒரு வேண்டுதல்மா" என்றேன். எங்கள் கிறிஸ்தவ வீட்டில் அதைப் பொருத்தனை என்போம், அவருக்குப் பழகிய வார்த்தையைச் சொன்னேன். பால், தயிர், நெய், தேன் எதுவும் தொடமாட்டாள் என்றேன்.

அந்த அம்மாவின் முகமே மாறிவிட்டது. தோசைக்கல்லைத் தனியாக வைத்துவிடுகிறேன், தாளிக்க நல்லெண்ணெய்தான், கரண்டியும் வேறே என்று அவராகவே அடுக்கிக்கொண்டு போனார். மூன்று நாள் தொண்டை கிழியக் கத்தியும் நடக்காதது ஒரே வார்த்தையில் நடந்துவிட்டது. ஆனால் வேண்டுதல் என்று சொன்னால் எதற்கு என்று கேட்காமல் விடுகிற ஆள் நம் ஊரில் உண்டா? கேட்டார். யோசிக்க நேரமில்லை. கல்யாணத்துக்கு என்று சொல்லிவிட்டேன்.

மகளுக்கு முப்பத்திரண்டு வயது. கல்யாணம் வேண்டாம் என்று அவள் சொல்லிப் பல வருஷம் ஆகிறது. அதிலும் எனக்கும் அவளுக்கும் வாய்த்தகராறு உண்டு.

அவள் வியாழக்கிழமை வந்தாள். அன்று மத்தியானமே மெஸ்ஸுக்கு அழைத்துப்போனேன். மொச்சையும் கத்தரிக்காயும் போட்ட காரக்குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல், ரசம். கடைசியில் மோருக்குப் பதிலாக, தேங்காய்ப்பாலை நீர்க்க விட்டு, இஞ்சியும் உப்பும் கறிவேப்பிலையும் போட்டு ஒரு டம்ளர். அது அந்த அம்மாவின் சொந்த யோசனை. என் மகள் அதைக் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு, "எப்படிப்பா கண்டுபுடிச்சீங்க?" என்றாள். இரண்டு வருஷத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. தேடினேன் என்றேன்.

அந்த ஒரு வாரம் எனக்கு நன்றாக இருந்தது. தினமும் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வருவாள். மனைவிக்குக் கேரியரில் வாங்கி வருவோம். காலையில் கேழ்வரகு அடை, ராத்திரிக்கு இட்லி. இன்றைக்கு என்ன குழம்பு இருக்கும் என்று வழியில் பந்தயம் கட்டுவோம். அந்த அம்மா அவளைப் பாப்பா என்று கூப்பிட்டார், அவள் அக்கா என்றாள். பொய் சொன்னதே எனக்கு மறந்துவிட்டது.

இரண்டாவது வெள்ளிக்கிழமை, அவள் ஊருக்குப் போக இரண்டு நாள் இருக்கும்போது, கூட்டம் குறைந்ததும் அந்த அம்மாவும் தன் தட்டோடு எங்கள் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். தேங்காய்ப்பால் டம்ளரை எடுத்து மகளிடம் காட்டினார்.

"போன வெள்ளியும் நான் மோர் தொடல பாப்பா, இன்னிக்கும் தொடல. உனக்கு நல்ல வரன் அமையற வரைக்கும் வெள்ளிக்கெழமையில நானும் உன்ன மாதிரிதான்."

என் மகள் என்னைப் பார்த்தாள். அந்த அம்மாவுக்கு நன்றி சொன்னாள், இலையில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டாள், கை கழுவினாள். வாசலுக்கு வந்த பிறகுதான் பேசினாள்.

"நான் எப்படி இருக்கேனோ அப்படியே சொல்றதுக்கு உங்களுக்கு வெக்கமா இருக்குல்ல?"

ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விட்டாள். அன்று ராத்திரியும் மறுநாள் காலையிலும் வாழைப்பழத்தைத் தவிர எதையும் தொடவில்லை. என் மனைவி பீரோவுக்கு மேலிருந்த பையை ஒரு கையாலேயே இறக்கிக் கட்டில்மேல் வைத்தாள். அது யாருடைய பை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சனிக்கிழமை காலை மெஸ் திறக்கும் முன்பே போய் நின்றேன். அந்த அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். வேண்டுதல் இல்லை, வரன் தேடவும் இல்லை, ஆடு மாடு மீன் எதையும் துன்பப்படுத்தி வந்ததை அவள் சாப்பிடமாட்டாள், அவ்வளவுதான் என்றேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார். என் மகளுக்காக ஒருவர் மோரை விட்டிருக்கிறார், நான் அவரை ஏமாற்றியிருக்கிறேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இத அப்பவே சொல்லியிருந்தா சோறு போடமாட்டேன்னா சொல்லியிருப்பேன்?" என்றார். பிறகு, "எதுனால விட்டுச்சாம் அந்தப் பொண்ணு?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். நான் கேட்டதில்லை என்றேன். அவர் மறுபடி கத்தரிக்காயை எடுத்துக்கொண்டார். இரண்டு வருஷமாகச் சண்டை போட்டிருக்கிறேன், கிண்டல் செய்திருக்கிறேன், ஊரெல்லாம் அலைந்திருக்கிறேன். அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்கவில்லை. அது எனக்கு அந்தக் காய்கறிக் கூடைக்குப் பக்கத்தில் நிற்கும்போதுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்து கேட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டதும் கை நின்றுவிட்டது.

"நான்தான் எட்டு வயசுலயே சொன்னேனேப்பா. தேங்காய்த்திட்டுல. அதத்தான் எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீங்களே."

நீதான் மத்தியானம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாயே என்றேன். என் வாய் பழக்கதோஷத்தில் அந்தக் கடைசி வரிக்கே போனது.

"நான் கேக்கல. நீங்க ஊட்டிவிட்டீங்க. வேணாம்னா கோச்சுக்குவீங்கன்னு முழுங்கிட்டேன்."

நான் அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். மறந்துபோன ஒன்று ஞாபகத்துக்கு வரும்போது, கேட்காமலே எல்லாம் சேர்ந்து வருகிறது. முள் எடுத்து உருட்டிய என் விரல்கள், வாயை இறுக்கி மூடியிருந்த அவள் முகம், "அப்பாவுக்குக் கோபம் வரும், ஆமா" என்ற என் குரல். இருபத்துநாலு வருஷமாக நான் சொல்லி வந்தது பொய்க் கதை. மெஸ்ஸில் சொன்னதைவிடப் பெரிய பொய், அதுவும் என்னையே நம்பவைத்த பொய். "மன்னிச்சிடும்மா" என்றேன். அழுகை வந்தது, மறைக்கவில்லை. அவள் துணியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு, பசிக்கிறது என்றாள். மூன்று பேருமாக ஆட்டோ பிடித்து முதலியார்பேட்டைக்குப் போனோம். அந்த அம்மா ஒன்றும் நடக்காதது போல இலை போட்டார், தேங்காய்ப்பாலும் வைத்தார். வெள்ளிக்கிழமை மோரை மட்டும் அவர் திரும்பத் தொடவில்லை. அது பாப்பா நன்றாக இருப்பதற்கு, யாரும் காரணம் கேட்க வேண்டாம் என்றுவிட்டார்.

டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு அவள் வந்தாள். அதே பதினைந்து பேர் சாப்பிட உட்கார்ந்தோம். என் மனைவியின் அண்ணன், அந்த மீன் கதையை எடுத்துவிடுங்கள் என்றார். நான் அவளைப் பார்த்தேன். சொல்லுங்கள் என்று தலையாட்டினாள். ஏலத்தில் நின்று அழுததைச் சொன்னேன், பிறகு நான் ஊட்டியதையும் அவள் பயந்து விழுங்கியதையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. மெஸ்ஸிலிருந்து காலையில் வாங்கி வந்திருந்த காரக்குழம்பு கேரியர் என் கைக்குப் பக்கத்தில் இருந்தது. "இன்னும் கொஞ்சம் ஊத்துங்கப்பா" என்று தட்டை நீட்டினாள். அன்றைக்கு அவள் நிஜமாகவே கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.